மூன்றாவது சர்வர்

கம்பெனியின் நேம் சர்வர்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மேலாளர் சோதித்தார். பெயரைக் கேட்டால் முகவரி சொல்கிற சர்வர்கள் அங்கே இரண்டுதான். இன்று மூன்று பதில் சொல்லின. மூன்றாவதன் பெயர் ‘நெட்டை’.

நெட்டை அவரிடம் வேலை பார்த்தவன். தான் செய்த தப்பை அவன் தலையில் கட்டி அவர் துரத்திவிட, ஆற்றில் குதித்துச் செத்துப்போனான்.

“எவன்டா விளையாடுறது?” என்று கத்தியபடி அதை அழித்துவிட்டு மறுபடி சோதித்தார். நெட்டை மறுபடியும் பதில் சொன்னது. இம்முறை அது சொன்னது அவருடைய வீட்டு முகவரி.

மனைவி போனில் கூப்பிட்டாள்.

“ஏங்க, உங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவராம், வந்திருக்காரு. வெளியே நல்ல வெயில், ஆனா ஆளு தொப்பலா நனைஞ்சிருக்காரு. நம்ம பாப்பா அவர் மடியை விட்டு இறங்கவே மாட்டேங்குறா.”