ஒருக்கா கூப்பிடுங்கோ

"மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடியுங்கோ அண்ணை," என்றாள் நாகேஸ்வரி.

சிவானந்தனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த வயதில் ஒரு மனிதரைப் பிடித்துக் கீபோர்டுக்கு முன்னால் இருத்தினால் அவர்தான் என்ன செய்வார்?

அவளுக்குத் தலை சுகமில்லை என்று அந்த வெள்ளவத்தைத் தொடர்மாடி முழுக்கக் கதை. மகன் காண்டீபன் போன நாளிலிருந்து கதவடியில் கிடந்த அவனுடைய கீபோர்டை அவள் நிற்பாட்டியதே இல்லை. கரண்ட் போனாலும் அணையாதபடி உள்ளே பற்றரி போட்டு வைத்திருந்தாள்.

காண்டீபனைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றியதை எதிர்க்கடை மக்கீன் தன் கண்ணால் கண்டவர். ஆனால் எந்தப் பொலிஸும் ஒப்புக்கொள்ளவில்லை. மருதானை, கொட்டாஞ்சேனை என்று அவளோடு அலைந்ததும், ஒவ்வொரு வாசலிலும் சிங்களத்தில் கெஞ்சியதும் மேல்மாடிச் சிவானந்தன்தான். அந்த உதவியை அவள் கும்பிட்டுக் கும்பிட்டுச் சொல்வாள்.

அவளை அரித்தது ஒரே ஒரு கேள்வி. குண்டு வெடித்த கிழமை அது. தெரியாத ஆட்களுக்குக் கதவைத் திறக்காதே என்று மகனுக்குப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது மைக் நிலத்தில் கிடந்தது, கதவு விரியத் திறந்திருந்தது. யாரும் உடைத்துத் திறக்கவில்லை. பிள்ளை யாரை நம்பித் திறந்தான்?

அதே கிழமை சிவானந்தனின் மகனையும் பிடித்தார்கள்தான். நல்ல காலம், விட்டுவிட்டார்கள். பெடியன் இப்போது லண்டனில் படிக்கிறான். அதற்காக ஒரு நாளாவது நாகேஸ்வரி வயிறெரிந்திருப்பாளா? அப்படிப்பட்ட மனுசி இல்லை அவள்.

இதில் கதைத்தால் அப்படியே பிடித்து வைக்குமாம், நிற்பாட்டினால்தான் அழியுமாம் என்று அவள் விளங்கப்படுத்தினாள். காண்டீபனுக்குக் கீபோர்ட் வாசிக்கப் பழக்கிய ஹியூபேட் மாஸ்டர் நேற்று வந்து எந்தப் பொத்தானை அமத்துவது என்று காட்டிக் கொடுத்தாராம். காலையிலிருந்து மாடியில் உள்ள ஆம்பிளைகள் எல்லோரும் வந்து குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மக்கீனையும் அவள் விடவில்லை.

"இதுக்குள்ள போனால் ஆற்ற குரலும் தகரம் மாதிரித்தான் அண்ணை. ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாது."

"என்னத்தைச் சொல்ல?"

"காண்டீபனைக் கூப்பிடுற மாதிரி ஒருக்கா கூப்பிடுங்கோ. உங்கள் எல்லாரையும் மாமா, மாமா எண்டுதானே அவன் திரிஞ்சவன்."

பாவம், பெற்ற மனம். சிவானந்தன் மைக்கைக் கிட்டப் பிடித்தார். குனிந்து மைக்கில், "தம்பி," என்றார்.

அவள் முதலாவது பொத்தானை அமத்தினாள். "தம்பி," என்றது கீபோர்ட். கட்டைகளில் விரலை ஓடவிட்டாள். அதே தம்பி கீச்சுக் குரலில் வந்தது, பிறகு பேய் மாதிரித் தடித்த குரலில் வந்தது. சிவானந்தன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது பொத்தானைத் தொட்டு எடுத்தாள். "தம்பி."

"நல்ல சாமான்தான் தங்கச்சி. ரெண்டிலயும் அச்சொட்டா ஒரே மாதிரி வருது."

"ஓம் அண்ணை," என்றாள் நாகேஸ்வரி. "ஒரே மாதிரித்தான் வருது."

மறுபடியும் அதே இரண்டாவது பொத்தானை அமத்தினாள். இந்த முறை விரலை எடுக்கவில்லை.

"தம்பி. நான்தான்."

அந்த 'நான்தான்' சிவானந்தன் இன்றைக்குச் சொன்னதல்ல. எழும்பப் பார்த்தார். நாகேஸ்வரி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டிக்குள்ளிருந்து காண்டீபன் பேசினான்.

"ஓம் மாமா, திறக்கிறன்."