மைனா கொண்டுபோன சேதி

மண் சரிந்து வாய்க்கால் அடைபட்டதால் குளம் வற்றிக்கொண்டிருந்தது. செவ்வந்தி என்ற தவளை, ஊருக்கெல்லாம் சேதி சொல்லும் மைனாவிடம் போனாள்.

“அக்கா, நீர்நிலைகளைக் காப்பது அனைவரின் கடமைன்னு எல்லாருக்கும் சொல்லுங்க.”

மைனா கொட்டாவி விட்டாள். “இதை யாரும்மா நின்னு கேப்பாங்க? உனக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு.”

செவ்வந்தி இன்னும் கிட்டே தத்தி வந்தாள். “என் குஞ்சுங்க நாப்பதும் ஒரு எருமைக் குளம்புத் தடத்துல தேங்கின தண்ணியில கிடக்குதுக்கா. வெயில் ஏறினா அதுவும் காஞ்சிடும்.”

“வா, காட்டு!”

மைனா நேரில் பார்த்தாள். பார்த்ததை அப்படியே மேய்ச்சல் காட்டில் போய்ச் சொன்னாள்.

“அது நம்ம குளம்புத் தடமாச்சே!” என்று எருமைகள் பதறி எழுந்து வந்தன. வாய்க்காலை அடைத்திருந்த மண்ணைக் கொம்பால் குத்தித் தள்ளின. உச்சிவெயிலுக்கு முன்பே தண்ணீர் சலசலத்து வந்தது.

குஞ்சுகள் குளமெங்கும் சிதறி நீந்தின. “அப்பாடா!” என்று செவ்வந்தி தண்ணீரில் கால்களைப் பரப்பி மிதந்தாள்.