சத்தமில்லாத ஃபேன்

தனக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் கைவிரித்த மறுவாரமே, சகாயம் மனைவி ரோஸ்லினைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிவந்தார். அவளுக்குப் பத்து வருடமாவது உழைக்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு. கனமாக இருந்தால்தான் நல்லது என்று பவர் சப்ளையைத் தூக்கிப் பார்த்ததில் மூச்சிரைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே சூடு தணிக்க மாட்டுகிற ஃபேன் மட்டும் பாக்கி.

"சத்தமே வராததா குடுங்க தம்பி. என் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்துல இவ இருபது வருஷமா சரியாத் தூங்குனதில்ல."

கடைக்காரர் ஒன்றை ஓடவிட்டார். ரோஸ்லின் குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றுமே கேட்கவில்லை.

"இது வேணாம். வீட்ல இருக்கிற உங்க பழைய ஃபேனையே இதுல மாட்டிடுங்க."

"அது கத்துமே, ரோஸ்லின்."

"கத்தட்டும்."