மிச்சமான ஒரு போல்ட்டு

பக்கத்து வீட்டு டெல்மரின் புல்வெட்டும் வண்டி வேலியோரம் வந்து நின்றது. பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த வெர்லினுக்கு அந்தச் சத்தம் கேட்டதுமே எரிச்சல் வந்தது.

டெல்மர் எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. சீட்டில் சாய்ந்துகொண்டு ஒரு பீர் டப்பாவைத் திறந்தார்.

"என்னய்யா வெர்லின், உயிரோட இருக்கியா?"

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருந்துச்சு. இது அதைவிட நல்லாருக்கு."

பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் படுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். 'நானே கழட்டி நானே மாட்டறேன்' என்று வெர்லின் வீட்டு வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டார். உள்ளே தேய்ந்ததை மாற்றியாயிற்று. இப்போது ஜாக்கியில் கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை புது வேலை. ஃபாக்டரியை மூடியபின் ஐம்பத்து நாலு வயதில் கிடைத்த வேலை. வேலை வேறு ஊரில்; அங்கே போக பஸ் கிடையாது.

"எல்லா போல்ட்டையும் கழட்டின இடத்துலயே மாட்டுவியா, இல்ல குத்துமதிப்பாவா?"

வெர்லின் பக்கத்தில் இருந்த தட்டைக் காட்டினார். மனைவி நோரீன் கப்கேக் சுடும் தட்டு. குழிக்கு ஒரு வகையாக போல்ட்டுகளைப் பிரித்து வைத்திருந்தார்.

"அடுத்த தடவை உங்க வீட்ல கேக் குடுத்தா வேணாம்னு சொல்லிடணும்" என்றார் டெல்மர்.

சாயங்காலம் கியர் பாக்ஸ் மேலே போய் எஞ்சினோடு சேர்ந்தது. போல்ட்டுகளைக் கையாலேயே திருகி நிறுத்தினார். சுற்றிலும் விரல் தடிமனுக்கு ஓர் இடைவெளி மட்டும் மூடவில்லை.

டெல்மர் சீட்டிலிருந்து குனிந்து பார்த்தார். "அங்க சந்து தெரியுதேய்யா."

"நாளைக்கு ஸ்பேனர் போட்டு இறுக்கினா தானா ஒட்டிக்கும்."

"அதில்ல வெர்லின், அந்த முன்னாடி உருண்டை..."

"டெல்மர், உன் யோசனையைக் கேக்கறதுக்குப் பதிலா நான் வேலைக்கு நடந்தே போவேன்."

டெல்மர் வேலியைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் இருந்த வேலி தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. கம்பத்துக்குப் பள்ளம் ஆழம் போதாது என்று டெல்மர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே, வெர்லின் அதே பள்ளத்தில் நட்ட வேலி அது.

"ஏங்க, சாப்பாடு ஆறுது" என்று நோரீன் கூப்பிட்டாள். வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நோரீன் மட்டும் போனாள். வெர்லின் ஸ்பேனரோடு வந்து தட்டைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

ஒரு குழியில் ஒரு போல்ட்டு கிடந்தது.

அடியில் புகுந்து தடவிப் பார்த்தார். ஒரு ஓட்டைகூடக் காலியில்லை. அப்படியானால் இது எங்கே இருந்தது? உள்ளேயா?

சர்ச் முடிந்து டெல்மர் கழுத்தில் டையோடு வேலியோரம் வந்து நின்றார். "என்ன, ஒண்ணு மிச்சமாயிடுச்சா?"

வெர்லின் கையை மூடிக்கொண்டார். அதற்குள் டெல்மர் பார்த்துவிட்டிருந்தார்.

"விட்டுத்தள்ளுய்யா. கம்பெனிக்காரன் கைதவறி ஒண்ணு அதிகமாப் போட்டிருப்பான்."

"ஓடும்போது கழண்டுகிட்டா?"

"நின்னுடும். நீதான் நடந்து போறேன்னியே."

அந்த ஒரு வார்த்தை போதும். வெர்லின் ஸ்பேனரை வீசிவிட்டு, ஏற்றியதையெல்லாம் மறுபடி இறக்க ஆரம்பித்தார். டெல்மர் வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னைக்கு என்ன, உக்காராம?"

"முதுகுவலி."

கியர் பாக்ஸ் கீழே வந்தது. உள்ளே எங்கும் போல்ட்டு விட்டுப்போகவில்லை. ஆனால் முன்னால் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்க வேண்டிய கன்வெர்ட்டர், உட்காரவே இல்லை, பாதியில் தொங்கியது. வெர்லின் அதை அணைத்துப் பிடித்து மெல்லத் திருப்பினார். 'டக்' என்று ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது.

இந்த லட்சணத்தில் இறுக்கியிருந்தால் உள்ளே இருக்கும் பம்ப் நொறுங்கியிருக்கும். வண்டியும் போச்சு, வேலையும் போச்சு. ஒட்டாததையெல்லாம் இறுக்கியே ஒட்டவைத்துவிடலாம் என்று எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தரையிலேயே உட்கார்ந்து யோசித்தார். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை.

இந்த முறை கியர் பாக்ஸ் ஸ்பேனர் படும் முன்பே சந்தில்லாமல் போய் ஒட்டிக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் எண்ணெய் ஊற்றி எஞ்சினை முடுக்கினார். பிக்கப் ஒருமுறை சிலிர்த்து, பின்னால் போனது. முன்னால் வந்தது. வாசற்படியில் நின்ற நோரீன் கை தட்டினாள்.

வெர்லின் இறங்கி நேராக வேலிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த போல்ட்டை எடுத்து டெல்மரின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"விட்டுத்தள்ளுன்னியே. உன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு என் கதி என்ன? நான் அப்படிப்பட்ட ஆளில்ல. ஒரு போல்ட்டு மிச்சம்னாலும் எனக்குத் தூக்கம் வராது."

"தெரியும். அதான் தட்டுல போட்டேன்" என்றார் டெல்மர், வேலிக்கு மேலே கையை நீட்டியபடி. "வேலை முடிஞ்சுதுன்னா குடுய்யா. என் புல்வெட்டி வண்டி சீட்டு நேத்து ராத்திரியிலேர்ந்து கழண்டு கிடக்கு. எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?"