மொட்டைமாடி உலாவும் உண்டு

கொசுக்கடியைக்கூட ‘இயற்கை அனுபவம்’ என்று பேக்கேஜ் போட்டு விற்ற சுற்றுலா மேனேஜர் அவர். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை. மச்சானிடம் ஒரு பட்டியலை நீட்டினார்.

“விடிஞ்சதும் படுக்கையில காபி. பத்து மணிக்கு கடைவீதி தரிசனம். சாயங்காலம் மொட்டைமாடி உலா. விருந்தாளி அப்படியே சொக்கிப் போயிடணும், மச்சான்!”

“இருக்கற வீட்டையே பேக்கேஜாக்கிட்டீங்களே! உங்க மூளையே மூளை, அத்தான். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க.”

“நானா? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒண்ணையும் விட்டதில்ல!”

“விருந்தாளி கிளம்புற நாள்?”

இரண்டு நாள் தங்குவதாக வந்து, இருபத்து மூன்றாவது நாளாக மச்சான் வீட்டு ஈஸிசேரை விடாத விருந்தாளியே அவர்தான்.

“கவலைப்படாதீங்க, நானே சேர்த்துட்டேன்,” என்றார் மச்சான். “இன்னிக்கு நாலு மணி. வாசல்வரைக்கும் பெட்டி தூக்கற சேவையும் உண்டு!”