சாம்பிராணி வீடியோ

நச்சுப் புகையை இழுக்கும் விசிறி ஓடவில்லை என்று வேதியியலாளர் எழிலரசி மூன்று முறை புகார் எழுதினாள். ஒருவரும் படிக்கவில்லை. வெறுத்துப்போய், "எங்க லேப்ல தினமும் சாம்பிராணி இலவசம்!" என்று இருமிக்கொண்டே ஒரு வீடியோ போட்டாள். ஊரே சிரித்தது. முதல் சிரிப்பு ஆய்வக இயக்குநருடையது.

இன்று அவளுக்கு ஒரு நுரையீரல்தான் மிச்சம். இழப்பீட்டு மனுவைக் காப்பீட்டு இயந்திரம் நொடியில் தள்ளிவிட்டது: "இருமல் நடிப்பு. ஆதாரம், உங்கள் வீடியோ."

"அப்பீல் பண்ணுடி. கேமரா முன்னாடியே இருமிக் காட்டு," என்றாள் பக்கத்து மேசை ஃபரீதா.

இருமினாள். கைக்குட்டை சிவந்தது.

திரையில் தீர்ப்பு வந்தது: "முந்தைய வீடியோவைவிட நடிப்பு மெருகேறியிருக்கிறது."