இடது கால் செருப்பின் பவனி

நானூறு வருஷமாகப் புனிதரின் இடது கால் செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தெருத் தெருவாகத் தோளில் சுமந்து பவனி போகிறார்கள். பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் பிளம்பரும் ஒருவர். நடக்க முடியாத அவர் மகள், செருப்பைப் பார்க்க ஜன்னலோரக் கட்டிலில் காலையிலிருந்தே காத்துக் கிடந்தாள். அவர் தெருமுனை வந்ததும் பவனி திரும்பாமல் நேராகப் போனது.

"மச்சான், எங்க தெருவுக்குத் திருப்பச் சொல்லுங்க!"

விழாக் குழுச் செயலாளரான மச்சான் வெள்ளைச் சட்டையை நீவிக்கொண்டார். "உங்க தெருவுல சாக்கடை ஓடுது மாப்ள. புனிதம் கெட்டுடும்."

"இந்தச் செருப்பு எங்க நடந்து தேஞ்சுதுன்னு நினைச்சீங்க? கம்பளத்துலயா?"

யாரும் திரும்பவில்லை. பிளம்பர் பக்கத்தில் வந்தவரிடம் தோள் மாற்றிவிட்டு, மச்சான் பரம்பரையையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலிலிருந்து கட்டில் வரை ஈரச் சேற்றில் செருப்புத் தடம். அத்தனையும் இடது கால். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"யாருடி வீட்டைச் சேறாக்கினது?" என்று கத்தினார்.

மகள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, பாதிக் கட்டிலைக் காலியாக விட்டுப் படுத்திருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கப்பா. ரொம்ப தூரம் நடந்தாராம். இப்பதான் கண்ணசந்தார்."